எத்தனை நாள் என்று எழுதாதீர்கள், எந்தத் தேதி என்று எழுதுங்கள்

"இன்னா சார், எத்தினி நாளு வெச்சிக்குவாங்க எம் புள்ளைய?"

மஞ்சப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேசை முன்னால் நின்று ஓர் அம்மா கேட்டது. குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். மகனைத் திண்ணைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்ல, ஸ்டேஷனிலிருந்து மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை வந்து, பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி உத்தரவும் ஆகிவிட்டது. அந்த அம்மாவுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நாள் கணக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது.

வட ஆற்காட்டுக் கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க்காகப் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே இருக்கிற மேசை அது. வழக்குத் தாள்கள் அடங்கிய கட்டை எடுத்து வைப்பது, வாய்தா, அதாவது வழக்கின் அடுத்த தேதி, குறிப்பது, உத்தரவை வெளியே அனுப்புவது எல்லாம் அங்கேதான் நடக்கும். மனநலச் சிகிச்சைக்கு ஒருவரை அனுப்பும் வழக்கில் இந்த மேசைக்கு என்ன வேலை என்று வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த பையன்கள் கேட்பார்கள். புதிதாகக் கோர்ட் வேலைக்கு வந்த பிள்ளைகளும் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்றால் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது அந்தக் காலத்து நடைமுறை. 1912-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் பெயரே 'லூனசி ஆக்ட்'. அதற்குப் பதிலாக 1987-இல் மனநலச் சட்டம் வந்தது, 1993-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கணவனோ மனைவியோ உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். கூடவே இரண்டு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், அதில் ஒருவர் அரசு டாக்டராக இருக்க வேண்டும். அந்த மனுவில் போடும் உத்தரவுக்கு 'ரிசப்ஷன் ஆர்டர்' என்று பெயர். பழைய ஆட்கள் வாயில் இன்னும் அந்தச் சொல்தான் வருகிறது.

இப்போது இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018-இல். இதில் பெரும்பாலான சேர்க்கைக்குக் கோர்ட்டே தேவையில்லை. ஒருவர் தானாகப் போய்ச் சேரலாம். தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை, அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்ட 'நியமனப் பிரதிநிதி' கேட்டுக்கொள்ள, மருத்துவர்கள் பரிசோதித்து 30 நாள் வரைக்கும் சேர்க்கலாம். அந்தச் சேர்க்கையை, இவற்றைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும், பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள். வாரியத்துக்குத் தலைவராக இருப்பவர் மாவட்ட நீதிபதி, அல்லது அந்தத் தகுதி உள்ளவர். ஆனாலும் வாரியம் வேறு, கோர்ட் வேறு. இரண்டின் தபாலையும் ஒரே கட்டுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு எது வரும்? அந்த அம்மாவின் மகன் கதைதான் முக்கியமானது. தன் எல்லைக்குள் மனநலம் பாதித்த ஒருவரை வீட்டில் கொடுமைப்படுத்துகிறார்கள் அல்லது கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும். இது 101-ஆவது பிரிவு. சங்கிலி போடுவதை இதே சட்டம் அடியோடு தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகிப் போனார்கள். அதைப் பேப்பரில் படித்த தலைமுறைக்கு இந்தத் தடை எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

அறிக்கை வந்ததும் மாஜிஸ்திரேட் 102-ஆவது பிரிவில் எழுத்து மூலம் உத்தரவு போடலாம். ஒன்று, அரசு மனநல நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்வது. அல்லது, பரிசோதனைக்காக மனநல நிலையத்தில் சேர்த்து வைக்க அனுமதிப்பது. இரண்டாவதற்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. 10 நாளுக்கு மேல் கூடாது. பரிசோதனை முடிந்ததும் டாக்டர் மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகும் சிகிச்சை தேவை என்றால் அது சட்டத்தின் மற்றப் பிரிவுகளின்படி நடக்க வேண்டும். கோர்ட் ஆர்டரைக் காட்டியே மாதக் கணக்கில் வைத்திருக்க முடியாது.

அந்த 10 நாளுக்குக் காவல் இருப்பதுதான் கிளார்க்கின் வேலை.

ஒரு கட்டு எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோர்ட் டூட்டி கான்ஸ்டபிள் அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டுவார். அதன் மேல் தேதி முத்திரை குத்துவோம். முத்திரை போதாது, மணியையும் பேனாவால் எழுத வேண்டும். வழிதவறித் திரியும் ஒருவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு சுகாதார நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும் என்கிறது 100-ஆவது பிரிவு. லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. அது நடந்ததா இல்லையா என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், பதில் சொல்வது அந்த ஓரத்தில் கிறுக்கிய 'மாலை 4.20' மட்டுமே.

அடுத்தது மனுவுக்கு எண். அதற்கப்புறம் பெயர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன் நம் வேலூருக்கு வாசல். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்குகிற இடம். கூட வந்தவர்களை விட்டு எப்படியோ பிரிந்து பிளாட்பாரத்திலேயே தங்கிப்போகிற சிலரும் உண்டு. பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நமக்குப் புரியாது. அப்படி வந்த ஒருவரைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது? 'பைத்தியம், ஆண்' என்று எழுதியிருந்த பழைய தாளை நானே பார்த்திருக்கிறேன். அதே வயதில் இன்னொருவர் வந்தால் இவர் யார், அவர் யார்? 'பெயர் தெரியாத ஆண், சுமார் 35 வயது, இடது முன்னங்கையில் பச்சை குத்தியது, வலது புருவத்துக்கு மேல் பழைய தழும்பு, இந்தி அல்லாத ஏதோ மொழி பேசுகிறார், கிடைத்த இடம், நேரம்' என்று எழுத வேண்டும். வீடு வாசல் இல்லாமல் திரிந்தவர் என்றால் காணாமல்போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை போட்டுக் குடும்பத்தைத் தேடுவது போலீசின் கடமை. அந்த எண்ணையும் அதே வரியில் ஏற்றுங்கள். ஒருநாள் அண்ணனோ அக்காவோ போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, நூல் பிடித்துப் போக அந்த எண் ஒன்றுதான் இருக்கும்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் நாம் 'மனநோயாளி' என்று எழுதுவது முன்கூட்டித் தீர்ப்புச் சொல்வது போல. 'மனநலம் பாதிக்கப்பட்டவர் என அறிக்கையில் சொல்லப்படும் நபர்' என்று எழுதினால் கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் டாக்கெட் ஷீட். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை வரி வரியாக எழுதும் தாள். ஆஜர்படுத்தப்பட்டாரா, தன் வாயால் என்ன சொன்னார், யார் கூட இருந்தார்கள். இலவச சட்ட உதவி உண்டு என்பதை மாஜிஸ்திரேட் அவரிடம் சொல்ல வேண்டும் என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. சொன்னது தாளில் ஏறவில்லை என்றால் சொல்லாததற்குச் சமம். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, ஆளைக் கூப்பிட்டுவர அரை மணிகூட ஆகாது. 'சட்ட உதவி பற்றி எடுத்துச் சொல்லப்பட்டது, அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை, ஆணைக்குழுவுக்குத் தகவல் தரப்பட்டது' என்று உள்ளதை உள்ளபடி எழுதிய டாக்கெட்டுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். 'விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்' என்று ரப்பர் ஸ்டாம்ப் போல எல்லாருக்கும் எழுதுவது என்ன எழுத்து?

உத்தரவு கையெழுத்தானதும் நகல்கள் கிளம்பும். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, ஸ்டேஷனுக்கு ஒன்று, நம் கட்டுக்குள் ஒன்று. எந்த ஆஸ்பத்திரி என்பதை முழுசாக எழுதுங்கள். 'வேலூர் ஆஸ்பத்திரி' என்று எழுதினால் அது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையமா, இல்லை ஊருக்குள் இருக்கும் சி.எம்.சி.யா என்று கான்ஸ்டபிள் ஜீப்பை நிறுத்திவிட்டு யோசிப்பார். சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் 'கீழ்ப்பாக்கம்' என்று பேச்சில் சொல்லலாம், உத்தரவில் மனநலக் காப்பகம் என்று முழுப் பெயரும் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர்க்காரர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், அவரைச் சேர்க்கும் ஆஸ்பத்திரியோ வேலூர் மாவட்டம். முகவரியில் பழைய பழக்கத்துக்கு 'வேலூர் மாவட்டம்' என்று எழுதிவிட்டால் டாக்டரின் அறிக்கை எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து சேரும்.

கொண்டுபோன கான்ஸ்டபிள், ஆஸ்பத்திரியில் ஆளை ஒப்படைத்த கையெழுத்துடன் திரும்ப வர வேண்டும். அந்தச் சீட்டு கட்டோடு சேராதவரை, தாளின்படி அந்த மனிதர் ஜீப்பிலேயே இருக்கிறார்.

இனி நாள் கணக்கு. என் மேல் இருக்கிற பழியை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்தக் கோர்ட், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஜனவரி 5-ஆந்தேதி, 10 நாளுக்கு மிகாமல் என்று உத்தரவு. டைரியில் நான் '10 நாள்' என்று மட்டும் எழுதினேன். கணக்குப் போட்டால் 15, பொங்கல் லீவு. லீவு முடிந்து கோர்ட் கூடுவது 17. வாய்தாவை 17 என்று குறித்தேன். எல்லா வழக்கையும் தள்ளுவது போல இதையும் தள்ளிவிட்டேன். டாக்டரின் அறிக்கை 12-ஆந்தேதியே அரக்கு உறையில் வந்து தபால் பதிவேட்டில் ஏறிவிட்டது. சீல் வைத்த உறை, வாய்தா அன்றைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று கட்டின் மேலேயே வைத்தேன். 17-ஆந்தேதி காலையில் மாஜிஸ்திரேட் பிரித்துப் படித்தார். உள்ளே வைத்துப் பார்க்கத் தேவையில்லை, வெளிநோயாளியாக வந்து மாத்திரை வாங்கினால் போதும் என்று எழுதியிருந்தது. கோர்ட்டிலிருந்து பதில் வரட்டும் என்று அங்கேயும் காத்திருந்திருக்கிறார்கள். ஐந்து நாள். வீட்டில் பொங்கல் வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

மாஜிஸ்திரேட் என்னைத் திட்டவில்லை. டைரியைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "10 நாள்னா எது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து நாள் எண்ணிக்கையை நான் எழுதியதில்லை. முடியும் தேதியை எழுதுவேன், அதற்கு மூன்று நாள் முன்பாக ஒரு தேதியை வாய்தாவாகப் போடுவேன், சிவப்பு மையில். அதற்குள் அறிக்கை வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு நினைவூட்டுக் கடிதம். லீவு நாளில் முடிகிறது என்றால் லீவுக்கு முந்தின வேலை நாளுக்கு இழுத்துக்கொள்வது. லீவில் ரிமாண்டுக்குப் பொறுப்பு மாஜிஸ்திரேட் இருப்பது போல இதற்கும் கேட்டுக்கொள்ளலாம், கேட்பதற்குக் கட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது. மற்ற வழக்குகளில் தேதி தவறினால் வக்கீல் சத்தம் போடுவார், கட்சிக்காரர் வந்து நிற்பார். இதில் கேட்க ஆளே இல்லை. உள்ளே இருப்பவர் சொன்னாலும் 'அது நோயின் பேச்சு' என்று விட்டுவிடுவார்கள்.

ஐந்து நாளுக்கே இப்படி உறுத்துகிறது என்றால் மச்சாங் லாலுங் கதையை என்ன சொல்ல? அசாம்காரர். 1951-இல் கைதானார், தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் டாக்டர்கள் அவர் குணமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டார்கள். விடுதலைக்குப் பதிலாக அவர் போய்ச் சேர்ந்தது குவாஹாட்டி ஜெயில். வழக்கு விசாரணைக்கு வரவே இல்லை. 2005-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். மொத்தம் 54 வருஷம். 1967-க்கு அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தக் கட்டை யாராவது தூசி தட்டி எடுத்து மாஜிஸ்திரேட் முன்னால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்ல மறந்ததில்லை.

கிரிமினல் வழக்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். குற்றம் சாட்டப்பட்டவர் மனநிலை சரியில்லாததால் தன் தரப்பைச் சொல்ல முடியாதவர் என்று தெரிந்தால், விசாரணையை ஒத்திவைத்து அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில். ஒத்திவைத்த வழக்கை மீண்டும் எடுக்க அவர் தேற வேண்டும், தேறினார் என்று சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வர வேண்டும், தாள் வந்தால் அதைக் கட்டோடு சேர்க்க கட்டு கைக்கு எட்ட வேண்டும். நீண்டகால நிலுவை என்று மூலையில் அடுக்கிய கட்டுகளோடு இதையும் போட்டால் போயிற்று. ஒத்திவைத்த வழக்குக்கும் வாய்தா தேதி இருந்தே ஆக வேண்டும். சிறைக் கைதிகள் விஷயம் வேறு மாதிரி. தொரப்பாடி மத்திய சிறையில் ஒருவருக்கு மனநோய் என்றால் சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டு, அது இல்லையென்றால் வாரியத்தின் முன் அனுமதியோடு வெளி மனநல நிலையம். அது பெரும்பாலும் சிறைக்கும் வாரியத்துக்கும் நடுவிலேயே ஓடும், விசாரணைக் கைதியாக இருந்தால் மட்டும் நம் வாய்தாவோடு முட்டும்.

இன்னொன்று குடும்ப வழக்கு. விவாகரத்தில் ஒரு தரப்பு, மற்றவருக்கு மனநோய் என்று மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து போடும். எதிர்த்தரப்பு மறுத்தால் அதைக் கோர்ட் வாரியத்தின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், 105-ஆவது பிரிவு. கிளார்க்குக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தச் சீட்டுக்குச் சான்றாவண எண் போட்டுப் பட்டியலில் 'மனநலச் சிகிச்சைச் சீட்டு, இன்னார்' என்று எழுதுகிறோம். பட்டியல் தீர்ப்போடு சேர்ந்து, கோர்ட்டுகளின் இணையதளமான இ-கோர்ட்ஸில் ஏறுகிறது. மனநோய் என்று சொன்னது பொய் என்றே தீர்ப்பு வந்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள சி.என்.ஆர். எண் 16 எழுத்து, அதைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் பார்க்கலாம். ரகசியம் காக்கும் உரிமை டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. பதிவேற்றும் முன்பே பெயருக்குப் பதில் குறியெழுத்துப் போடலாமா என்று நீதிபதியிடம் கேட்டு உத்தரவு வாங்கிவிடுங்கள், ஏறிய பிறகு இறக்குவது பெரிய பாடு.

ஆக, இந்த மேசைக்கு ஒன்றுக்கொன்று இழுக்கிற இரண்டு வேலை. உள்ளே இருக்கிறவர்கள் யாரும் மறந்துவிடக் கூடாது, வெளியே இருக்கிறவர்கள் யாருக்கும் தெரியக் கூடாது. முதலாவதை டைரி பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு நாக்கைத்தான் கட்ட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில்: "பத்து நாளுக்கு மேல கோர்ட்டு உத்தரவுல வெச்சிக்க முடியாதும்மா. 22-ஆந்தேதிக்குள்ள டாக்டரு எழுதி அனுப்பணும். 19-ஆந்தேதி நீங்க இங்க வாங்க." பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கம் 19 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அறிக்கை 18-ஆந்தேதியே வந்தது.

வழக்கு முடிந்து, கட்டை நூல் போட்டுக் கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். கல்யாணப் பேச்சு, பையன் வீடு இன்ன ஊர், இன்ன பெயர் என்றார். மஞ்சப் பை அம்மாவின் அதே ஊர், சங்கிலியில் கிடந்த அவர் மகனின் தம்பி பெயர்.

"நகல் எல்லாம் வேணாம் சார். அந்தக் குடும்பத்துல யாரு மேலயாவது அப்படி ஒரு ஆர்டரு ஆச்சாங்கறதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஆமா, இல்ல, ஒரு வார்த்தை."

நகல் வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவர் நகல் மனு போடலாம், மற்றவர்கள் காரணம் எழுதி மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றேன். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு: 'இல்லை' என்றும் சொல்லக் கூடாது. வழக்கே இல்லாத ஒரு குடும்பத்தைப் பற்றி இன்றைக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, வழக்கு உள்ள குடும்பத்தைப் பற்றி நாளைக்குச் 'சொல்ல முடியாது' என்றால் அதுவே பதில் ஆகிவிடும். அதனால் யார் வந்து எந்தப் பெயரைக் கேட்டாலும் எனக்கு ஒரே வாக்கியம்தான்.

"அந்த மாதிரி விவரம் இங்க யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க."

"அப்ப ஏதோ இருக்குது" என்றார்.

"உங்க வீட்டைப் பத்தி ஒருத்தரு வந்து கேட்டாலும் இதான் சொல்லுவேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே டீக்கடைப் பக்கம் போனார்.